சிலிண்டர் குடைந்தவன்

செவ்வாய், 8 ஜூலை
காலையிலிருந்து தூறல். மூக்கண்டப்பள்ளி முழுக்கச் சேறு. ஷூ ஈரம். முதல் ஷிப்ட். உலோகத்தில் துளை குடையும் போரிங் மிஷின், வழக்கம்போல.

கேன்டீன் சுவரில் புதுப் படம். நம் மேனேஜர், கழுத்தில் சால்வை, கையில் கேடயம். கீழே: ‘மெல்லிய ஸ்லீவுக்குப் புதிய போரிங் முறை. கண்டுபிடித்தவர்:’ அவர் பெயர்! அடப்பாவி. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, குழாய் மாதிரி மெல்லிசான அந்த ஸ்லீவ் பீஸைப் பிடிக்கும் மிஷின் தாடைகளை அரம் போட்டு வளைத்தது நான். செல்போனில் வீடியோ எடுத்தது அவர். அவர் பங்கு அவ்வளவுதான்.

இட்லி இறங்கவில்லை. இனி இந்த நோட்டில் அவருக்குப் பெயர் கிடையாது. ‘மே.’ போதும்.

ஷிப்ட் முடிந்ததும் கூட்டம். திரையில் நீராவி எஞ்சின்காரர் படம், நூற்பு இயந்திரக்காரர் படம், அடுத்தது மே. படம். “கண்டுபிடிப்பாளர்கள், விஞ்ஞானிகள் இல்லைன்னா தொழிற்புரட்சியே இல்ல. நாமளும் அந்த வழியிலதான் போறோம்.” எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். த்தூ.

புதன், 9
ராயக்கோட்டையிலிருந்து மனைவி ஸ்டெல்லாவின் அக்கா ஒரு கூடை தக்காளி அனுப்பியிருக்கிறாள். வீடெல்லாம் தொக்கு வாசனை.

திவ்யாவுக்கு நாளை சமூக அறிவியல் டெஸ்ட். அதே தொழிற்புரட்சிப் பாடம்! எஞ்சின் யார், தறி யார் என்று ஒப்பித்தாள்.

“அந்த எஞ்சினுக்கு சிலிண்டர் குடைஞ்சது யாரு?”

“புக்ல இல்லப்பா.”

போனில் தேடி அவளே படித்துக் காட்டினாள். எஞ்சின்காரர் யோசனை சரியாம். ஆனால் சிலிண்டர் ஒழுங்கான வட்டமாக வராமல் நீராவி ஒழுகிக்கொண்டே இருந்ததாம், பல வருஷம். பீரங்கிக் குழாய் குடைகிற ஒருத்தர் குடைந்து கொடுத்த பிறகுதான் எஞ்சின் உருப்படியாக ஓடியதாம். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

“பரீட்சைக்கு இது வராதுப்பா.”

“வராட்டி என்ன, எழுதிட்டு வா.”

யோசனை சொன்னவரைக் குறை சொல்லவில்லை. அது அவர் மூளை. மே.க்கு அதுவும் இல்லை.

வியாழன், 10
வெயில் எட்டிப் பார்த்தது. திங்கட்கிழமை கஸ்டமர் வருகிறார்கள். மே. தன் ‘முறையை’ ஓட்டிக் காட்டப்போகிறார். வேலையை வரிசையாக எழுதி, மிஷினில் ஒட்ட ஒரு ஷீட் கொண்டுவந்தார். படித்தேன். ஒன்றைக் காணோம்.

முதல் கட் முடிந்ததும் நான் மிஷினை நிறுத்தி, தாடையைத் தளர்த்தி, ஐந்து நிமிஷம் விட்டுவிடுவேன். சூடு ஆறும், இறுக்கத்தில் நெளிந்த பீஸ் தன் வடிவத்துக்குத் திரும்பும். பிறகு லேசாகப் பிடித்துக் கடைசி கட். அந்த ஐந்து நிமிஷத்தை மே. எடுத்துவிட்டார்.

“மிஷின நிறுத்திட்டு சும்மா நிக்கறதெல்லாம் வேஸ்ட் ஜேசு. அதையும் நான் மிச்சம் பண்ணிட்டேன்.”

ஆறாமல் கட் போட்டால் துளை மூன்று பக்கம் லேசாகப் பிதுங்கும். துளையை அளக்க நாங்கள் வைத்திருக்கும் கேஜ் இரண்டு முனையில்தான் தொடும். அதற்கு அந்தப் பிதுக்கம் தெரியாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு காட்டும். உருண்டையான பிளக் கேஜை உள்ளே விட்டால்தான் சாயம் வெளுக்கும். அது கஸ்டமரிடம் இருக்கிறது.

சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை:
- வாயை மூடியே வைப்பது
- திங்கள் லீவு. காரணம்: கல்லாவியில் பெரியப்பாவுக்கு முடியவில்லை (பெரியப்பா குத்துக்கல் மாதிரி இருக்கிறார்)
- திவ்யாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்

ஞாயிறு, 13
பூசை. பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. இன்றைக்குத்தானா கிடைத்தது ஃபாதருக்கு? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஃபேனை எண்ணினேன்.

திங்கள், 14
கல்லாவி. நல்ல காற்று. பதினோரு மணிக்கு போன். மே.

“ஜேசு, எங்கப்பா இருக்க? நம்ம கேஜ்ல எல்லாம் ஓகே காட்டுது. அவங்க பிளக் கேஜ் உள்ள போகவே மாட்டேங்குது. எல்லாரும் நிக்கறாங்கப்பா.”

“நான் என்ன சார் சொல்றது? கண்டுபிடிச்சது நீங்க.”

போனை வைத்துவிட்டார். பெரியம்மா கறிக்குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

செவ்வாய், 15
கேட் எதிரே டீக்கடையில் மஞ்சுநாத் நின்றிருந்தான். அத்திப்பள்ளிக் கன்னடப் பையன், இரண்டாம் ஷிப்டில் என் மிஷின் அவனுடையது. நேற்று எனக்குப் பதில் அவன்தான் ஓட்டியிருக்கிறான். கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

“ஷீட்ல இருக்கற மாதிரிதாண்ணா பண்ணேன். நான் ஓவரா டைட் பண்ணிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றாரு மேனேஜர். மனேல, வீட்ல, என்ன சொல்றது?”

நான் இல்லாவிட்டால் யாராவது ஓட்டியாக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யார் என்று யோசிக்காமல் இருந்துகொண்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

புதன், 16
மறுபடி தூறல். நேராக முதலாளி அறைக்குப் போனேன். மே.யும் அங்கே.

“பீஸ் சரியா வரும் சார், நான் போட்டுத் தரேன். மஞ்சுநாத் உள்ள வரணும். கேன்டீன்ல அந்தப் பேரை மாத்தணும், மேனேஜர் சாரே அவரு கையால.”

“மொதல்ல பீஸ் வரட்டும்” என்றார் முதலாளி.

போட்டேன். தளர்த்தினேன். ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், மே. முகத்தைப் பார்த்தபடி. கஸ்டமர் விட்டுப்போன பிளக் கேஜ் வழுக்கிக்கொண்டு இறங்கியது. “இந்த அஞ்சு நிமிஷத்தை எடுத்தது யாரு?” என்றார் முதலாளி. பிறகு மே. பக்கம் திரும்பி, “மஞ்சுநாத்த உள்ள விடுங்க. பேரையும் மாத்திடுங்க” என்றார்.

சாப்பாட்டு நேரம். கேன்டீன் நிறைய ஆள். மே. தன் பெயரை அடித்து, மார்க்கரால் என் பெயரை எழுதினார்.

“இன்னும் கொஞ்சம் பெருசா சார். பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல.”

மறுபடி எழுதினார். அவர் காது சிவந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு, பொய் சொல்ல மாட்டேன்.

மஞ்சுநாத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“அப்ப ஷீட் ஒட்டறப்பவே உங்களுக்குத் தெரியுமாண்ணா?”

“தெரியும்.”

தட்டை எடுத்துக்கொண்டு வேறு டேபிளுக்குப் போய்விட்டான். அதற்காகச் சுவரில் இருக்கும் என் பெயரை அழிக்கச் சொல்ல மாட்டேன்.