ஏசி சத்தத்தில் சொன்ன ‘ம்’

ஏப்ரல் 6, திங்கள்

ஏரிக்கரை மைதானத்தில் வண்டியை நிறுத்தியாயிற்று. என்ன வெயில்! படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடக்கமான இந்த வீட்டு வண்டிக்குள் நுழைந்தால் ஆளே வெந்துவிடுவோம். கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்து, கூரை ஏசியைப் போட்டேன். போடுவதற்கு முன் கெட்டிலை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபியூஸ் போய்விடும். இந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். இன்று மறந்தவனும் நான்தான்.

ஏசி படுக்கைக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. சத்தம் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். அச்சகத்தில் காலமெல்லாம் மெஷினோடு மாரடித்தவனுக்கு இது தாலாட்டு. பின்னாலிருந்து ஏதோ நீளமாகச் சொன்னாள். காதில் விழவில்லை. “ம்” என்றேன். சமாதானமாகிவிட்டாள். பாதிக் குடும்பங்கள் இந்த ‘ம்’மில்தான் ஓடுகின்றன.

ஏப்ரல் 7

ஜில்லென்று தூக்கம். ராஜ வாழ்க்கை.

ஏப்ரல் 8

மதியம் படுத்திருந்தேன். மூக்கின் மேல் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால் ஏசிக்குள் ஐஸ் கட்டி, மெத்தையெல்லாம் தண்ணீர். குளிர் அளவை உச்சத்தில் வைத்தது நீதானே என்று அவள் மேல் பாய்ந்தேன்.

“ஃபில்டர்ல தூசி அடைச்சிருக்கு, கழுவுங்கன்னு போன வாரமே சொன்னேன். ம்னீங்க.”

கழற்றினேன். ஒரு தலையணைக்குப் பஞ்சு தேறும். வாயை மூடிக்கொண்டு கழுவினேன். ஐஸ் உருகும்வரை வெறும் காற்று மட்டும்.

ஏப்ரல் 9

ஃபில்டரோடு விட்டிருக்கலாம். மேலேயும் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கூரையில் ஏறினேன். ஏசியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, அதன் மேலேயே காலையும் வைத்தேன். இரண்டாகப் பிளந்தது. கடைக்காரர் புது மூடி திங்கட்கிழமை வரும் என்கிறார். அதனால் என்ன, நமக்கு எங்கே போக அவசரம்?

துணி துவைத்துக்கொண்டு வந்தவள் கீழே நின்று அண்ணாந்து ஏதோ சொன்னாள். கையை ஆட்டி “ம், ம்” என்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

காலையில் பார்த்தால் தலை வாரி, மடியில் பையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். “கிளம்பலாமா?” என்றாள். “எங்க?” என்றேன். அவள் முகம் போன போக்கு—

அவள் தம்பிக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷன் அடுத்த மாதம் என்றுதான் எனக்குத் தெரியும்.

“நாளைக்குக் காலைலன்னு மாத்திட்டாங்க. திங்கக்கிழமையே சொன்னேனே! வெள்ளிக்கிழமை காலைல கிளம்பினா சாயங்காலம் அவன்கூட உக்காந்து பேசலாம்னு சொன்னேன். நேத்தும் சொன்னேன். ம், ம்னீங்க. குரல்வளையவே எடுக்கப் போறாங்க. அப்புறம் அவன் குரலே கிடையாதுங்க!”

இங்கிருந்து பஸ் கிடையாது. கூரையிலோ ஏசி திறந்து கிடக்கிறது; அப்படியே ஓட்டினால் காற்று பிய்த்து எறிந்துவிடும். மைதானத்துக் காவலாளியிடம் தார்ப்பாய் கேட்டு, கயிறு தேடிக் கட்டிக் கிளம்புவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. வழியெல்லாம் அவிழ்ந்தது. நிறுத்தி, ஏறி, கட்டி, மறுபடி நிறுத்தி... ஒவ்வொரு தடவையும் அவள் கீழே நின்று கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 11

விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடியிருந்தது.

தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நேத்து எங்கிட்டகூட அதிகம் பேசல அண்ணி. பேசினா தொண்டை கட்டிக்கும், போன்லகூட வேண்டாம், அக்கா வந்ததும் நேர்ல பேசணும்னு சொல்லிட்டே வாசலைப் பாத்துட்டு இருந்தார்.”

ஐயோ.

ஏப்ரல் 14

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெல்ல ஆரம்பித்தேன். “எல்லாம் அந்தப் பாழாப்போன ஏசி சத்தம்...”

“கூரைல நின்னீங்களே, அப்ப ஏசி ஓடுச்சா?”

ஓடவில்லை.

எனக்குத் தெரியாதா என்ன? காது மந்தமாகிவிட்டது என்று ஒரு வருஷமாகவே தெரியும். அச்சகத்தில் யாருக்கு எது கேட்டது, உதட்டைப் பார்த்துத் தலையாட்டியே காலம் தள்ளினோம். “என்ன?” என்று திருப்பிக் கேட்டால் கிழவனாகிவிட்டேன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த வறட்டுக் கௌரவத்துக்கு அவள் தம்பியின் குரலைக் கொடுத்தேன்.

மே 5

காது டாக்டர், “இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?” என்றார். சமாளிக்கவில்லை டாக்டர். காதில் மெஷின் மாட்டியாயிற்று.

மைத்துனன் வீடு திரும்பிவிட்டான். அவள் அங்கேயே தங்கியிருக்கிறாள். நான் வாசலில், வண்டியில். என் காது மெஷினைப் பார்த்துவிட்டு அவன் சிலேட்டில் எழுதிக் காட்டினான்: “கவலைப்படாதீங்க மாமா, இனிமே நான் பேசுறதுல உங்களுக்கு ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாது.” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வண்டிக்கு வந்து அழுதேன்.

மே 12

புது மூடி மாட்டினேன். ஃபில்டர் கழுவினேன். அவள் வரவில்லை.

மே 19

இன்று மதியம் தம்பி வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் வண்டிக்கு வந்தாள். எதுவும் கேட்காமல் போய்ப் படுத்தாள். கெட்டிலை அணைத்துவிட்டு ஏசியைப் போட்டேன்.

அம்மாடி! காது மெஷினோடு இப்போதுதான் முதல் தடவை கேட்கிறேன். இதுவா தாலாட்டு? அரவை மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது. இதற்கு அடியிலா இவள் படுத்தாள்? இதற்கு மேலே கத்தியா தம்பியைப் பற்றிச் சொன்னாள்?

படுத்தபடியே ஏதோ சொன்னாள். அந்தச் சத்தத்தில் மெஷினும் தோற்றது. வாய் ‘ம்’முக்குத் தயாராகிவிட்டது. கடித்து நிறுத்தி, எழுந்து பக்கத்தில் போனேன்.

“கேக்கல. இன்னொரு தடவை சொல்லு.”

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். “குளிர் ஜாஸ்தியா இருக்கு, குறைங்கன்னேன்.”

குறைத்தேன். சத்தமும் கொஞ்சம் அடங்கியது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தனக்குத்தானே போல, மெதுவாகச் சொன்னாள்.

“அன்னிக்கும் இப்படிக் கேட்டிருக்கலாம்ல.”

அது முதல் தடவையிலேயே காதில் விழுந்தது.