டயருக்குப் பின்னால் வைத்த கல்

கட்டுகஸ்தோட்டை
12.02.2016

அன்புள்ள ரிஸ்மி நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஹம்தா தூங்கினால்தான் எனக்குக் கை ஒழியும். இன்றைக்கு அவள் தூங்கவே மாட்டேன் என்று அடம். போனில் பேசலாம்தான். ஆனால் நான் ஹலோ சொன்னதுமே மாமி டீவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அதனால் ஈமெயில்தான் வசதி.

நீங்கள் தோஹாவில் இருந்துகொண்டே தேடிப் பிடித்துத் தந்த கார் போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கம்பளையில் கார் விற்கிற முஹைதீன் ஹாஜியார் தானே ஓட்டி வந்து தந்தார். வெள்ளை நிறம். ஸ்டார்ட் ஆகிவிட்டதா இல்லையா என்பதே தெரியவில்லை நானா, அவ்வளவு அமைதி. மாமி வந்து பார்த்துவிட்டு, "சத்தமே இல்லாத சாமானுக்கா இவ்வளவு சல்லி?" என்றார்.

லைசன்ஸ் எடுத்ததில் இருந்து நான் ஓட்டினது இவருடைய பழைய வேன் மட்டும்தான். இதை ஓட்டப் பயமும் ஆசையுமாக இருக்கிறது. எங்கள் வீட்டு ஏற்றம் உங்களுக்குத் தெரியும்தானே. இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி, கேட் திறக்க இறங்கினால்கூட முதலில் பின் டயருக்குக் கல். புதுக்காருக்கும் அப்படித்தான். படம் அனுப்புகிறேன், பாருங்கள்.

படம் ஏதும் பார்த்தீர்களா? எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி,
அனீஸா

*

தோஹா
15.02.2016

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கார் அழகாக இருக்கிறது. என்றாலும் என் கருத்தைக் கேட்டால், பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடுகிற இந்த ஹைபிரிட்டில் ஓட்டுகிற சுகம் கிடையாது. ஸ்டியரிங்கில் பாரமே இராது. எல்லாம் தெரிந்த புது மாப்பிள்ளை மாதிரி, நாம் சொல்லுமுன் அதுவே செய்துவிடும். எனக்கு இங்கே தந்திருப்பது பெரிய ஜீப். எண்ணெயைக் குடித்துத் தள்ளுகிறது. ஆனாலும் வளைவில் உடம்பைச் சாய்க்கும்போது, நான்தான் ஓட்டுகிறேன் என்ற எண்ணம் வரும்.

வியாழக்கிழமை ஒரு விண்வெளிப் படம் பார்த்தேன். இருநூறு வருஷத்துக்குப் பிறகு நடக்கிற கதையாம். கப்பல் தானே பேசுகிறது, தானே பறக்கிறது. எஞ்சின் பழுதானதும் கதாநாயகன் ஸ்பானரோடு கீழே படுக்கிறான்! தியேட்டரில் நான் மட்டும் கை தட்டினேன். இந்தப் படக்காரர்களுக்கு எதிர்காலம் என்றால் எல்லோருக்கும் சாம்பல் நிறச் சட்டை, ஒருவருக்கும் பசிக்காது. தானே ஓடுகிற கார் கட்டாயம் வரும், எழுதி வைத்துக்கொள். ஆனால் கண்டிக்கு வராது. யானை ஊர்வலம் போகிற பெரஹரா நாளில் எந்தக் கம்ப்யூட்டருக்கு வழி கண்டுபிடிக்க ஏலும்?

இப்போது அந்தக் கல். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. உள்ளே இத்தனை கம்ப்யூட்டர், வெளியே கருங்கல்! கியரை ‘பி’யில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை மிதித்தால் போதும், மலையே சாய்ந்தாலும் அது அசையாது. ஃபேஸ்புக்கில் எங்கள் கார் பிரியர்கள் குழுவில் உன் படத்தைப் போட்டு, "ராக்கெட்டுக்கு முட்டுக் கல்: உபயம் என் தங்கச்சி" என்று எழுதினேன். ஒரே கொண்டாட்டம்.

ஹம்தாவுக்கு மாமாவின் முத்தம்.

ரிஸ்மி

*

கட்டுகஸ்தோட்டை
20.02.2016

அன்புள்ள நானா,

நீங்கள் போட்டதைப் பார்த்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த றலியாவும் பார்த்துவிட்டு, "என்னடி, கெம்பஸ் போனவளா நீ?" என்று எழுதியிருந்தாள். பகிடிதான். என் கிழிந்த செருப்பும் படத்தின் ஓரத்தில் விழுந்திருக்கிறது. அதையாவது வெட்டிவிட்டுப் போட்டிருக்கலாம்.

கோபம் இல்லை. கல்லைத் தூக்கித் தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டேன். "பழகினதை ஏன் விடுற?" என்று இவர் கேட்டார். "நானா சிரிக்கிறார்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "இது புதுக் கார், தேவைப்படாது" என்றேன்.

இப்போது ஹம்தாவை நேசரிக்கு நானே கொண்டுபோகிறேன். பாலத்தில் நெரிசலென்றால் கை வியர்க்கிறது. ஆனாலும் போகிறேன்.

அனீஸா

*

தோஹா
10.03.2016

அன்புத் தங்கச்சிக்கு,

மச்சான் போன் எடுத்துக் கத்தியதில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கார் மதிலில் மோதி, ஹம்தாவுக்கு வாய்க்குக் கீழே நாடியில் தையல் என்றதும் உட்கார்ந்துவிட்டேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று நீ சொன்னாயாம். காரைப் பரிந்துரைத்தது நான். மச்சான் என்னை ஏசியது நியாயம்தான். முஹைதீன் ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். "பிரேக்கில ஒரு பிழையும் இல்ல தம்பி, காரைக் கொண்டு வாங்க, முன்னுக்கு வெச்சே கழட்டிக் காட்டுறேன்" என்கிறார். மச்சான் காரைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். எனக்கு உன் சொல்லைவிட வேறு சாட்சி எதற்கு? குழுவில் அவருடைய பெயர், கடை, போன் நம்பர் எல்லாம் போட்டு, பிள்ளையின் உயிரோடு விளையாடிய ஆள் என்று எழுதிவிட்டேன். நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்திருக்கிறார்கள். இனி அந்த மனுஷன் ஒரு கார் விற்பதைப் பார்ப்போம்.

நீ ஏன் இத்தனை நாளாக ஒரு வரிகூட எழுதவில்லை? பயந்துவிட்டாயா?

ரிஸ்மி

*

கட்டுகஸ்தோட்டை
14.03.2016

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாலு முறை எழுதி நாலு முறையும் அழித்தேன். இதை அழிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

பிரேக்கில் பிழை இல்லை நானா.

அன்றைக்கு நேசரியில் இருந்து வந்து கேட்டுக்கு முன்னால், ஏற்றத்தில் நிறுத்தினேன். ஹம்தா பின்னால் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். கேட் திறக்க இறங்கினேன். கார் ஓஃப் என்றுதான் நினைத்தேன். சத்தம் இல்லைதானே. ‘பி’யிலும் போடவில்லை, பார்க்கிங் பிரேக்கையும் மிதிக்கவில்லை. வேனில் கியரைப் போட்டு, ஓஃப் பண்ணி, கல்லையும் வைத்துவிட்டு எழும்புவேன். இதில் கல்லும் இல்லை, வேறு எதுவும் செய்ய வேண்டும் என்ற ஞாபகமும் வரவில்லை. கொண்டியைக் கழற்றித் திரும்பிப் பார்த்தால் கார் மெதுவாகப் பின்னால் போகிறது. கண்ணாடிக்கு உள்ளிருந்து ஹம்தா எனக்குக் கை காட்டுகிறாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஓடினேன், பிடிக்க முடியவில்லை. கீழ்வீட்டு மதிலில் மோதித்தான் நின்றது.

ஆஸ்பத்திரியில் இவர் "என்ன நடந்த?" என்று கேட்டபோது மாமி பக்கத்தில் நின்றார். "பொம்புளையளுக்கு எதுக்கு ஸ்டியரிங்" என்று முதல் நாளில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். என் வாயில் இருந்து "பிரேக் பிடிக்கல்ல" என்று வந்தது. ஒரு வசனம்தான். அதற்குப் பிறகு எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. பிள்ளையின் நாடிக்கு மருந்து பூசும்போதெல்லாம் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு தாங்க முடியவில்லை. இன்றைக்குக் காலையில் ஹம்தாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கம்பளைக்குப் போனேன். ஹாஜியாருடைய கடையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. எங்களைக் கண்ட உடனே அவர் ஹம்தாவின் நாடியைத்தான் பார்த்தார். "நோவுதா மகள்?" என்று கேட்டார். அப்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லம். "நீங்க வந்து என்னட்ட செல்லிட்டீங்க மகள். எனக்குத்தான் அது முந்தியே தெரியுமே. தெரியாத ஆக்களுக்கு யாரு செல்ற?" என்றார். "நேத்து என்ட பேரன் கேக்குறான், நீங்க கள்ளனாண்டு."

வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன். மாமி இருக்கும்போதே சொன்னேன். இவர், "என்னட்டயாவது செல்ல ஏலாமப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மாமி டீவி சத்தத்தைக் கூட்டினார்.

நானா, நீங்கள் கல்லைப் பார்த்துச் சிரித்ததால்தான் இப்படியெல்லாம் நடந்தது என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. ஆனால் ‘பி’யில் போடச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான்தான் சிரிப்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன். பொய்யும் நான் சொன்னதுதான். அதை நம்பியதைத் தவிர நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்கள் குழுவில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. அதை நான் கெடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

ஹாஜியாரைப் பற்றிய பதிவைச் சும்மா அழித்துவிடாதீர்கள். அழித்தால் பார்த்தவர்கள் மனதில் அது அப்படியே இருக்கும். அங்கேயே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பிழை காரில் இல்லை, ஓட்டியவளில்தான் என்று எழுதுங்கள். "ஒரு பெண்" என்று போட வேண்டாம், என் பெயரைப் போடுங்கள். றலியா பார்க்கட்டும். ஏசி எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

அனீஸா