தண்ணீரில் இறக்கிய பிறகு இரண்டு நாள்

அப்பா,

என் கணிதக் கொப்பி முழுக்க இன்றைக்கு டீசல் மணக்கிறது. மெக்கானிக் மரியதாஸ் அண்ணை எழுதித் தந்த தாளை அதற்குள் வைத்ததால் வந்த மணம். தாளின் மூலையில் அவருடைய பெருவிரல் கறுப்பாய்ப் பதிந்திருக்கிறது. நீங்கள் கரையிலிருந்து வந்து இடுப்புச் சாரத்தை மாற்றுவதற்கு முன்னம் உங்களோடு வீட்டுக்குள் நுழையும் மணம் இதுதான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கொப்பியை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எனக்குப் பயமாயிருக்கிறது.

நீங்கள் போன பிறகு நம்முடைய படகு கரையில்தான் கிடக்கிறது. அம்மா தன் காப்புகளை விற்று, யாரோ பாவித்து விற்ற எஞ்சின் ஒன்று வாங்கிவிட்டார். இனி மாமாதான் அந்தப் படகில் தொழிலுக்குப் போகப்போகிறார். பழைய எஞ்சினைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகிற வேலை மட்டும் பாக்கி. அதற்கான கூலியைத்தான் மரியதாஸ் அண்ணை இன்றைக்கு எழுதித் தந்தார். மொத்தம் எட்டு நாள் வேலை. பழையதைக் கழற்ற ஒரு நாள். எஞ்சின் இருக்கும் பீடத்தைச் சரிசெய்ய இரண்டு நாள். குழாய்களைத் துப்புரவாக்க ஒரு நாள். எஞ்சினை ஏற்றி, பின்னால் விசிறியைச் சுழற்றும் தண்டோடு நேர் பார்த்துப் பூட்ட இரண்டு நாள். கடைசி வரி இப்படி இருந்தது: ‘தண்ணீரில் இறக்கிய பிறகு மறுபடி நேர் பார்த்தல், இரண்டு நாள்.’

படகடியில் நின்றுதான் நான் அதை வாசித்துக் காட்டினேன்.

“உதென்ன, ஒரு வேலைக்கு ரெண்டு தரம் கூலியோ?” என்றார் அம்மா.

மாமா சிரித்தார். “ஒரே பொம்பிளைக்கு ரெண்டு தரம் தாலி கட்டுறார் போல கிடக்கு, அக்கா.”

மரியதாஸ் அண்ணை சிரிக்கவில்லை. “தரையில படுத்திருக்கிற படகு ஒரு மாதிரி, தண்ணியில மிதக்கிற படகு இன்னொரு மாதிரி. இறங்கின உடனை அதின்ரை உடம்பு கொஞ்சம் வளையும், அக்கா. ஒரு மயிரளவு விலகினாலும் தண்டு உதறும். மிதக்கவிட்டுத்தான் திருப்பிப் பாக்கவேணும்.”

“போனமுறையும் நீர்தானே பூட்டினீர்? அந்த எஞ்சின்தானே உப்புத் தண்ணி குடிச்சுச் செத்தது? என்ரை மனுசனையும் அந்தக் கவலைதானே கொண்டுபோனது?”

அவர் சுத்தியலை எடுத்து ஆயுதப் பெட்டிக்குள் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “அந்த ரெண்டு நாளையும் வெட்டச் சொன்னால் நான் வரேல்லை, அக்கா. வேறை ஆளைப் பாருங்கோ.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பிள்ளை. கணக்குப் படிக்கிறனிதானே. உது நியாயமோ?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா, அப்பா? “ரெண்டு தரம்தான் போட்டிருக்கு, அம்மா” என்றேன். அதில் பொய்யில்லை. ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு அது பதிலுமில்லை. மரியதாஸ் அண்ணை ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பின்னேரமே மாமா இன்னொரு மெக்கானிக்கைப் பிடித்துவிட்டார். அவர் ஆறு நாளில் முடிப்பாராம். நாளைக் காலை எட்டு மணிக்கு முற்பணம் வாங்க வருகிறார்.

இரண்டு பேருடைய கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நாட்கூலி ஒன்றுதான். மற்ற வேலைகளுக்கும் அதே நாட்கள்தான். வித்தியாசம் அந்தக் கடைசி வரி மட்டும். அந்த வரி எனக்குப் புதிதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் பேனையை வாங்கி நீங்கள் வெட்டிய அதே வரி அது.

போனமுறை எஞ்சின் பூட்டி முடித்த அன்றைக்குத் தேவாலயப் பங்குச் சுவாமி வந்து, அந்தப் புது எஞ்சினுக்கு மேல் மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார். படகுக்குப் பூமாலை போட்டிருந்தீர்கள். “ரெண்டு நாள் தண்ணியில கட்டி வையுங்கோ, நான் ஒருக்காத் திருப்பிப் பாக்கிறன்” என்று மரியதாஸ் அண்ணை மன்றாடினார். நீங்கள், “சுவாமி மந்திரிச்ச படகைக் கட்டி வைக்கிறதோ? என்ன, சனம் பாக்கிறதுக்கோ? இண்டைக்கே தொழிலுக்குப் போகும்” என்றீர்கள். கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர்களை விடப் பலமாகச் சிரித்தது நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னைப் படகில் ஏற்றிப் போனீர்கள். எஞ்சின் பெட்டிக்கு மேல் வைத்த தேத்தண்ணிக் கோப்பை ஓரம்வரை நடந்து போனது. நீங்கள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “புது எஞ்சினெல்லே, துள்ளுது” என்றீர்கள். மறு கை பெட்டியின் மேல் அழுத்தியபடி இருந்தது. உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

உதறி உதறி, தண்டு வெளியே போகும் துவாரம் தேய்ந்தது. ஒரு நாள் நடுக்கடலில் அதன் வழியே தண்ணீர் ஏறி எஞ்சினை மூடியது. இன்னொரு படகு உங்களைக் கட்டி இழுத்து வந்தது. கிணற்றடியில் நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, நீங்கள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள். “மரியதாஸ் சொன்னது சரி, பிள்ளை. நான்தான் வெட்டினனான். அம்மாட்டைச் சொல்லிப்போடாதை” என்றீர்கள். நான் “ஓம்” என்றேன்.

அதன் பிறகு அம்மா கரை முழுக்க மரியதாஸ் அண்ணையைத் திட்டித் திரிந்தார். அவரை வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். அவரும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று மாதத்தில் நெஞ்சு வலித்து நீங்கள் போனபோது, சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியவர் அவர். இன்றைக்கு அம்மா அந்தப் பேச்சுப் பேசிய பிறகும் உங்கள் பெயரை அவர் எடுக்கவில்லை. எனக்கு உங்களில் கோபம் உண்டு, அப்பா. இதை வேறெங்கும் எழுத முடியாது.

அம்மாவின் ஏச்சுக்கு நான் பயப்படவில்லை. உங்களில் ஒரு பிழையும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு நாளும் எழும்புகிறார். அதை என் வாயால் எடுத்துவிட்டால் அவருக்கு என்ன மிஞ்சும் என்றுதான் பயம். ஆனால் சொல்லாமல் விட்டால், அதே உதறலோடு மாமா கடலுக்குப் போவார். இழுத்துவர எல்லா நாளும் பக்கத்தில் ஒரு படகு நிற்காது.

அதனால் எட்டு மணிக்கு முன்னம் சொல்லிவிடுவேன். கூலி நியாயம் என்று மட்டும் சொன்னால் அம்மா நம்பமாட்டார். அந்த வரியை யார் வெட்டியது என்றும் சொல்லவேண்டும். பிறகு மரியதாஸ் அண்ணை வீட்டுக்கு அம்மாவோடு நானும் போவேன். முதலில் நான்தான் கதைக்கவேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லமாட்டேன். கிணற்றடியில் நான் “ஓம்” என்றதும் நீங்கள் என் தலையைத் தடவக் கையை நீட்டினீர்கள். விரல்களில் இன்னும் கிறீஸ் இருப்பதைக் கண்டு, என் தலை ஊத்தையாகிவிடும் என்று இழுத்துக்கொண்டீர்கள். அந்தக் கைக்கும் என் தலைக்கும் நடுவே இருந்த இடைவெளியை இன்னும் வைத்திருக்கிறேன்.

தொட்டிருக்கலாம், அப்பா.