கைக்குட்டை போட்ட நாற்காலி

அன்பு மகளுக்கு,

நம் ஸ்டேடியத்தைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். சின்ன வயதில் உன் கையில் சிராய் ஏற்றிய மர கேலரியைப் பிரித்துவிட்டு, நம்பர் போட்ட நீல நாற்காலிகள் வைத்திருக்கிறார்கள். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்சுக்குப் போனேன். உனக்கு இடம் பிடிக்கிற பழைய பழக்கத்தில் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டேன். ஒருவர் வந்து டிக்கெட்டைக் காட்டி, "அங்கிள், யே மேரா சீட் ஹை" என்று, அது தன் சீட் என்பதை இந்தியில் சொன்னார்.

"மக வந்துட்டிருக்கா" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதே.

உன் கல்யாணத்துக்கு வராதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ வாழ்க்கைப்பட்ட சிப்பிகாட்டுக்கு இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். நாலு வருஷமாக நம் ஊர் அபர்டீன் பஜாரில் நின்று அந்த பஸ் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வருகிற ஞாயிறு ஃபைனல். இனி கைக்குட்டை போட்டால் இடம் கிடைக்காது என்பதால் அடுத்தடுத்து மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் டீம்தான் ஆடுகிறது. உன் வீட்டுக்காரர் மைதானம் அதிரக் கத்துவார் என்று கேள்விப்பட்டேன். கத்தட்டும்.

நடு நாற்காலி மாப்பிள்ளைக்கு.

அப்பா