131071

நேற்று உன் மகள் தன் கைபேசி எண்ணைச் சொன்னாள். எழுதிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொன்னேன். "அம்மாவும் இப்படித்தான் செய்வாக" என்றாள். அவ்வளவுதான், எழுபதுகளின் அந்த மத்தியானங்களுக்குப் போய்விட்டேன்.

நீ தேனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், நான் சின்னமனூரில். ஏலக்காய் வியாபாரிகள் வெளியூருக்குப் போடும் டிரங்க் கால் ஓய்ந்த நேரத்தில் நமக்கு நடுவே லைன் சும்மா கிடக்கும். மற்றவர்கள் சினிமாக் கதை பேசுவார்கள். நீ பகா எண் பேசுவாய்.

ஒன்றை இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழிப்பது உன் பைத்தியம். இரட்டிக்கும் தடவையும் பகா எண்ணாக இருந்தால்தான் பலிக்கும். இரண்டு முறை இரட்டித்தால் 3, மூன்று முறைக்கு 7, ஐந்துக்கு 31, ஏழுக்கு 127. எல்லாமே வேறெந்த எண்ணாலும் வகுபடாதவை. பதினொன்றில் வந்த 2047 மட்டும் 23-ஆலும் 89-ஆலும் வகுபட்டு உன் மூஞ்சியில் கரியைப் பூசியது. பதின்மூன்று தப்பித்தது. பதினேழுக்கு வந்தபோது, "இதும் உடைஞ்சா இந்தக் கணக்கு நோட்டத் தூக்கி அடுப்புல போட்டுருவேன் புள்ள" என்றாய். விளையாட்டில்லை. பி.யூ.சி.யோடு உன் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். உனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த நோட்டு ஒன்றுதான்.

பதினேழுக்கு 131071. அதன் வர்க்கமூலம் 362 சொச்சம் என்பதால், இரண்டிலிருந்து 359 வரை எழுபத்திரண்டு பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். எண்ணை லைனில் சொன்னாய், எழுதிக்கொண்டேன். "சின்னதெல்லாம் ஒனக்கு, பெருசு எனக்கு. நீதான் வகுத்தல்ல மக்கு." மறுநாளே கூப்பிட்டேன். "முப்பத்தேழுல மிச்சமில்லாமப் போகுது."

லைனை வைத்துவிட்டாய். இரண்டு நாள் வேலைப் பேச்சு மட்டும்தான். மூன்றாம் நாள் நீயே லைனில் வந்தாய்.

"நான் போட்டா மிச்சம் பதினேழு வருது. நீ நம்பரத் திருப்பிச் சொல்லு."

"ஒன்னு, மூனு, ஒன்னு, சைபர், ஒன்னு, ஏழு."

"கடைசி ரெண்டையும் மாத்திட்டியே பாவி. ஏழு, ஒன்னு."

யார் எண் சொன்னாலும் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல் நாம் லைன் கொடுத்ததில்லை. தோழிதானே என்று உன் எண்ணுக்கு மட்டும் அந்த வழக்கத்தை விட்டிருந்தேன். மனசு பதினேழு பதினேழு என்று ஓடியதில் கையும் பதினேழில் முடித்துவிட்டது. நீ சிரித்த சிரிப்பில், லைனில் காத்திருந்த போடி ஊர் ஏலக்காய் வியாபாரி, "என்ன தாயி, கல்யாணமா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய விசேஷம் என்று சொல்ல வாய்வரை வந்தது எனக்கு.

அடுத்த வாரம் 359-ஐயும் போட்டு முடித்தாய். மிச்சம் 36. உடையவில்லை, என் எண்ணே உடையவில்லை என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சில மாதம் கழித்து இன்னொன்று கண்டுபிடித்தாய். 23, 89 இரண்டையுமே பதினொன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. அதேபோல் 131071-ஐ எது வகுத்தாலும், அதைப் பதினேழால் வகுக்கும்போது ஒன்று மிஞ்ச வேண்டும். அப்படியானால் 103, 137, 239, 307 என்று நான்கே நான்கைப் பார்த்தால் போதும்.

"மிச்ச அறுபத்தெட்டும் வீணாப் போச்சே" என்றேன்.

"போனா என்ன, பேசிக்கிட்டேதான போட்டோம்" என்றாய்.

நோட்டு அடுப்புக்குப் போகவில்லை, உன் மகளிடம் இருக்கிறது. லைனில் நீதான் இல்லை. ஆனாலும் உன் எண்ணுக்கு அன்று விட்ட வழக்கத்தை இன்று விடமாட்டேன். ஒன்று, மூன்று, ஒன்று, சைபர், ஏழு, ஒன்று. சரிதானே?