கற்றாழைக்கு இரண்டு வேளை தண்ணீர்

என் பிரியத்துக்கும் வம்புக்கும் உரிய மச்சானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை திவசம் கொடுத்தோம். கோயம்புத்தூரிலிருந்து உங்கள் மகள் செல்வி இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். ஆலங்குடியில் பங்குனி வெயில் வழக்கம்போலக் கொளுத்துகிறது, பலா நன்றாகப் பிடித்திருக்கிறது, எல்லாரும் சுகம். ஒன்றைத் தவிர.

உங்கள் கற்றாழையை நான் கொன்றுவிட்டேன், மச்சான்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் உங்கள் தங்கையைக் கட்டிய நான். வேலையை விட்டு வந்த பிறகு நமக்கு வேறு சண்டை இல்லாததால் செடிச்சண்டை போட்டோம். பலா நிழலில், தொட்டித் தண்ணீர் வழிகிற ஈரத்தில் என் வல்லாரை. உங்கள் வாசலில், சரளை மண்ணில், நாள் முழுக்க வெயில் விழுகிற இடத்தில் உங்கள் சோற்றுக்கற்றாழை.

வல்லாரைக்கு ஒரு நாள் தண்ணீர் தப்பினால் போதும், மறுநாள் இலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நியாயம் கேட்கும். நிழலும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஆனால் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். துவையலுக்கும் பொரியலுக்கும் தெருவே என்னிடம்தான் வரும். பரீட்சை நேரத்தில் ஞாபகசக்திக்கென்று பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்டு வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டுவீர்கள்.

"ஊருக்கெல்லாம் வல்லாரை குடுக்குற மாப்ளே, ஒன் கண்ணாடிய எங்கிட்டு வச்சேன்னு ஒனக்கே தெரியலையே?"

கண்ணாடி பெரும்பாலும் என் நெற்றியில்தான் இருக்கும். அது வேறு விஷயம்.

உங்கள் கற்றாழையை நான் சும்மா விட்டேனா? கேட்பாரற்ற சாதி, ரோட்டோரத்தில் கிடப்பதற்கெல்லாம் ஒரு தோட்டமா என்று கேலி பேசினேன். நீங்கள் பதில் பேசாமல் ஒரு மடலைச் சீவி, மஞ்சள் பால் வடியும்வரை சாய்த்து வைப்பீர்கள். பிறகு சோற்றை ஏழு தடவை அலசி மோரில் போட்டு எனக்கும் ஒரு டம்ளர் நீட்டுவீர்கள். அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டால் உங்கள் தங்கைகூட என் வல்லாரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நேராக உங்கள் வாசலுக்குத்தான் ஓடுவாள்.

நீங்கள் போன மறுவாரம் நான் ஒரு வாளித் தண்ணீரோடு உங்கள் வாசலுக்கு வந்தேன். செடி வாடவில்லை. இருந்தாலும் ஊற்றினேன். சாயந்தரம் இன்னொரு வாளி. மறுநாளும் அப்படியே. மடல்கள் தடித்துப் பளபளத்தன. உங்களைவிட நான்தான் நன்றாக வளர்க்கிறேன் என்று பெருமைவேறு பட்டுக்கொண்டேன். வேரடியில் இரண்டு கூடை சாணியும் போட்டேன். ஐப்பசி மழையில் ஊரே மிதந்தபோதுகூடக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாளி ஊற்றிவிட்டு வந்தேன். என்னைப் பைத்தியம் என்று சொல்ல நீங்கள் இல்லையே.

தை மாதம் செல்வி போன் பண்ணினாள். "மாமா, திவசத்துக்கு வர்றப்ப அப்பா வச்ச கத்தாழையில ஒரு கன்னு எடுத்துக்கிறேன். புது வீட்டு பால்கனியில வைக்கணும். அப்பா கையால வச்சது ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். அதற்கென்ன, பத்துக் கன்று தருகிறேன் என்று வாய் நிறையச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போய் ஒரு கன்றை அசைத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை. அடியெல்லாம் கொழகொழவென்று, நாற்றம். தாய்ச்செடியும் அப்படித்தான். பத்து நாளில் பாத்தி முழுக்கச் சரிந்துவிட்டது.

வல்லாரை வாய்விட்டுக் கேட்கும். கற்றாழை கேட்காது, வேண்டாம் என்றும் சொல்லாது. கடைசி நாள்வரை பளபளவென்று நின்றுவிட்டு ஒரேயடியாகச் சாயும். நீங்களும் அப்படித்தானே மச்சான்? முந்தின நாள்கூட நெஞ்சில் என்னவோ செய்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருந்தேன்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் தங்கை பாத்தியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "ஏங்க, அண்ணன் என்னைக்காவது அதுக்கு வாளி தூக்கிப் பாத்திருக்கீங்களா? அது வல்லாரையா, ரெண்டு வேளையும் குளிப்பாட்ட?"

பயந்துபோய் ஒரு காரியம் செய்தேன். புதுக்கோட்டை ரோட்டில் செடி விற்பவரிடம் நான்கு கற்றாழை வாங்கி வந்து, அழுகியதைத் தோண்டி எறிந்துவிட்டு, உங்கள் இடத்தில் நட்டுவைத்தேன். "அந்தப் புள்ளைகிட்டப் பொய் சொல்லப் போறீங்களாக்கும்" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை.

செல்வி வந்ததும் பையைக்கூட இறக்காமல் பாத்திக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மடலை மெதுவாகத் தடவினாள். "அப்பா கை பட்ட செடி" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் மடலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது உங்கள் சம்சாரம், நம் அக்கா, நிலைப்படியில் நின்றுகொண்டு மேலே கையைக் காட்டினார்கள். "அவங்க கையால கட்டுனது இங்க ஒண்ணு இருக்குல்ல. எறக்கிக்க."

நிலைக்கு மேலே, கண் படக்கூடாதென்று படிகாரக்கட்டியோடு நீங்கள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை. போன வருடப் பொங்கலுக்கு வெள்ளையடித்த கையோடு கட்டினீர்கள். மண் இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை, வேர் வானத்தைப் பார்த்தபடி. வருடம் முழுக்க அதற்கடியில்தான் தலையைக் குனிந்து போய்வந்திருக்கிறேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. மடல் சுருங்கியிருந்தது. ஆனால் நுனியெல்லாம் வெளிச்சத்தைத் தேடி மேலே வளைந்திருந்தது. குருத்து பச்சையாக இருந்தது.

நாற்காலி போட்டு நான்தான் அவிழ்த்தேன். உங்கள் முடிச்சு, லேசில் அவிழவில்லை. அறுக்கவும் மனம் வரவில்லை. செல்வி அதைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். எப்போது தண்ணீர் விடுவது என்று என்னிடமே கேட்டாள். மண் நன்றாகக் காயட்டும், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இரு என்றேன். சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் சொன்னேன்.

அவள் போன பிறகு அக்காவிடம் கேட்டேன். நான் ஊற்றினால் அழுகும் என்று உங்களுக்குத் தெரியாதா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று.

"தெரியும் தம்பி" என்றார்கள். "சொன்னா நீங்க வர்றத நிறுத்திருவீங்களே. காலையிலயும் சாயங்காலமும் வாசல்ல வாளிச் சத்தம் கேக்கும். யாரோ இருக்காங்கன்னு இருக்கும். செடி போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

 நானும் செடிக்காக வரவில்லை, மச்சான். அது வாடவில்லை என்று முதல் நாளே என் கண்ணுக்குத் தெரிந்ததுதான். உங்கள் வாசலில் வந்து நிற்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நீங்கள் இல்லாத வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு வருவது?

கடையில் வாங்கிய நான்கும் உங்கள் பாத்தியில் வேர் பிடித்துவிட்டன. அவற்றுக்கு நான் ஒரு சொட்டும் ஊற்றமாட்டேன். ஆனால் காலையும் சாயந்தரமும் வருவேன். வாளி இல்லாமல், சாக்கு இல்லாமல், வெறுங்கையோடு வந்து, அக்காவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்,
சுவருக்கு இந்தப் பக்கத்து மாப்பிள்ளை
முத்தையா