நீங்கள் கேட்ட யானைப் படம்

என் அன்பு மாப்பிள்ளை முருகையாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுதும் வழக்கத்தை உங்கள் விஷயத்தில் நிறுத்திக்கொண்டேன். இங்கே நாங்கள் நலம். உங்கள் மனைவியும் என் தங்கையுமான சரசு, புக்கிட் காத்தில் வீட்டில் தீபாவளி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். உங்கள் முதலாண்டுத் திதி ஆவணியில் முடிந்துவிட்டதால் இவ்வருடம் பண்டிகை உண்டு. ஆங்கிலத் தேதியை வைத்துக் கும்பிட்டால் போதாதா என்று உங்கள் மகள் யோகிதா கேட்டாள். திதி வேறு, தேதி வேறு என்று அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இதையெல்லாம் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?

உங்களுக்கு ஏது நேரம்? செங் வட்டாரத் தொழிற்சாலையில் பணி ஓய்வு பெற்ற மறுவாரமே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்குப் பறந்தவர் அல்லவா நீங்கள்? சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, காண்டாமிருகம் என்று இரண்டு பயணங்களில் நான்கையும் படம் பிடித்துவிட்டீர்கள். யானைகள் மட்டும் உங்களுக்கு முதுகைத்தான் காட்டின.

மருத்துவமனையில் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? மற்றவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நீங்கள் மூக்கில் குழாயோடு, "மச்சான், யானை மட்டுந்தான் பாக்கி. நேரா வரணும், காது ரெண்டையும் விரிச்சிக்கிட்டு வரணும். சரசையும் கூட்டிக்கிட்டுப் போயி நீங்க எடுத்துடுங்க" என்றீர்கள். அந்த நிலையில் இருப்பவரிடம் முடியாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? சரி என்றேன். பூனையைக்கூட ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரியாத எழுபத்து மூன்று வயதுக்காரன் சரி என்றேன்.

பூனை என்று சும்மா சொல்லவில்லை. புக்கிட் பெருவாங்கில் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எதிர்வீட்டுப் பூனையை வைத்துத்தான் இரண்டு மாதம் பழகினேன். கடைசியில் அது என்னைக் கண்டாலே ஓட ஆரம்பித்தது.

உங்கள் கேமராவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அதன் நாட்காட்டியை நீங்கள் சரிசெய்யவே இல்லை. நீங்கள் மலேசியாவைத் தாண்டி எங்கும் போயிராத ஒரு வருடத்தில், ஆப்பிரிக்கச் சிங்கம் ஒன்று உங்களுக்கு முன்னால் வாயைப் பிளந்ததாக அந்தப் படங்கள் சாட்சி சொல்கின்றன. எப்படி ஐயா உங்களால் நிம்மதியாகத் தூங்க முடிந்தது? புறப்படும் முன் நான் செய்த முதல் வேலை அதைத் திருத்தியதுதான்.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. புதன் என்று யோகிதா சொல்வாள், நம்பாதீர்கள். அன்று மாலைதான், நாங்கள் மூவரும் போயிருந்த தென்னாப்பிரிக்கக் காட்டில், அது நடந்தது. கூரையும் பக்கக் கதவும் இல்லாத ஜீப். ஓட்டியவர் டேனியல் என்ற அந்நாட்டுக்காரர். உங்களை விடப் பொறுமைசாலி. ஜீப்பையும் அதிலிருக்கும் ஆட்களையும் விலங்குகள் ஒரே உருவமாகத்தான் பார்க்கின்றன, யாராவது எழுந்து நின்றால் அந்த உருவம் கலைந்துவிடும், அப்போதுதான் ஆபத்து என்று முதல் நாளே சொல்லியிருந்தார். முன்வரிசையில் இருந்த யோகிதா திரும்பி அதைத் தன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"மா, எந்திரிச்சி நிக்கவே கூடாது. சிட் டவுன் மட்டும்லா. புரியுதா?"

"நான் என்னடி சின்னப் புள்ளையா?" என்றாள் என் பக்கத்தில் இருந்த சரசு.

அதை நானும் நம்பினேன். அன்று காலையில் ஒரு சிங்கம் ஜீப்பை உரசிக்கொண்டு போனபோது அவள் அசையவே இல்லை. "நம்ம பக்கத்து வீட்டு நாயி இதவிட மோசம்ணே" என்று காதோடு சொன்னாள். நான்தான் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். என் படத்தில் அந்தச் சிங்கத்தின் ஒற்றைக் காதும் நிறையப் புல்லும் விழுந்திருந்தன.

மாலையில், ஆற்றோரப் புதரிலிருந்து ஓர் ஆண் யானை வெளியே வந்தது. தனி யானை. கண்ணுக்குப் பின்னாலிருந்து மதநீர் வழிந்து கன்னம் முழுவதும் கறுத்திருந்தது; அந்த வாடை எங்கள் மூக்கில் ஏறியது. டேனியல் இன்ஜினை அணைத்துவிட்டு, மதம் பிடித்திருக்கிறது, யாரும் அசையாதீர்கள் என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவைத் தூக்கினேன்.

பக்கத்தில் சரசுவின் குரல் கேட்டது. "பிள்ளையாரப்பா, நீயுமாப்பா அழுவுற?"

மாப்பிள்ளை, அவள் எழுந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் நெற்றிப் பொட்டில் குட்டிக்கொண்டாள். பிறகு கைகளைக் குறுக்கே மாற்றிக் காதுகளைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினாள். மதம் பிடித்த யானைக்கு முன்னால், திறந்த ஜீப்பில், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற உங்கள் மனைவி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்! கோயில் படியில் ஒன்று போடச் சொன்னால் "முட்டி விடாதுண்ணே" என்பவள்.

யானை தலையை உயர்த்தியது. காது இரண்டையும் விரித்தது. வந்தது.

நேராகத்தான் வந்தது. நீங்கள் கேட்டது அதுதான், எள்ளளவும் குறையவில்லை. உங்கள் நீள லென்ஸ் வழியாக எனக்கோ சாம்பல் நிறச் சுருக்கங்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தலையை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் போதும்.

கேமராவைக் கைவிட்டேன். அது வாரில் தொங்கி என் வயிற்றில் இடித்தது. இரண்டு கைகளாலும் சரசுவின் இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டேன்.

"விடுங்கண்ணே! மூணு இன்னும் ஆவல!"

"வாய மூடு, சரசு!"

டேனியல் வண்டியைக் கிளப்பவில்லை. ஜீப்பின் தகட்டில் உள்ளங்கையால் பட்பட்டென்று தட்டி, தாழ்ந்த குரலில் யானையிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் மேல் புழுதி கொட்டியது. காதுகள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அதன் மூச்சு மட்டும். நான் தலையைத் தூக்கியபோது யானை பக்கவாட்டில் திரும்பிப் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது.

அழுகைக் குரலில் யோகிதா முதலில் கேட்டது என்ன தெரியுமா? "மாமா, எடுத்தீங்களா?"

பெற்றவள் தரையில் கிடக்கிறாள். இவள் படத்தைக் கேட்கிறாள். அப்படியே உங்கள் மகள். இல்லை என்றேன். "ஐயோ மாமா! அப்பா கேட்டது அதுதானே!" என்று அதன் பிறகுதான் உண்மையாகவே அழுதாள்.

டேனியல் வண்டியை வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். பின்னர், உங்கள் ஊரில் யானையைக் கண்டால் உடற்பயிற்சி செய்வீர்களா என்று என்னைக் கேட்டார். விநாயகர் வழிபாட்டை ஆங்கிலத்தில் விளக்குவதற்கு அதைவிடத் தகாத நேரம் இருக்க முடியாது. அது அழவில்லை, அது மதநீர் என்று சரசுவுக்கும் ஒருபுறம் விளக்கிக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு எல்லாம் தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு, "கை வலிக்குது, விடுங்க" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், அவளுடைய மணிக்கட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். ஒரு வருடமாக உங்கள் பேச்சை எடுத்தாலே முந்தானையைத் தேடியவள்.

"அண்ணே, அவரு இருந்திருந்தா படம் எடுத்திருப்பாருல்ல?"

"எடுத்திருப்பார்."

"என்னைப் புடிச்சிருக்க மாட்டாரு."

"என்ன பேச்சு இது? பிடித்திருப்பார்."

"மாட்டாருண்ணே. எடுத்து முடிச்சிட்டுத்தான் புடிப்பாரு. எனக்குத் தெரியாதா அவர?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்குப் பிடிபடவில்லை. யோகிதா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

உங்கள் பக்கம் நின்று வாதாடினேன், வாதம் எடுபடவில்லை. முப்பத்தெட்டு வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியவளிடம் நான் எதைச் சொல்லி நிரூபிப்பது? நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு நொடியில் உங்கள் விரல் எங்கே இருந்திருக்கும்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

சரசு அடுத்த வருடமும் போகப் போகிறாளாம். டேனியலிடமே சொல்லிவிட்டாள். இம்முறை உட்கார்ந்தே கும்பிடுவாளாம். அதை நான் நம்பவில்லை, டேனியலும் நம்பவில்லை.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் எத்தனை முறை போனாலும் அத்தனை முறையும் நான் கூடவே போவேன். கேமராவை இனி யோகிதா வைத்துக்கொள்வாள். படம் அவளுக்கு வாய்த்தால் உங்களுக்கு வாய்த்தது போலத்தான். என்னிடம் அதை இனி எதிர்பார்க்காதீர்கள். யானை வரும்போது என் கைகள் இரண்டும் சரசுவின் மேல்தான் இருக்கும். கோபம் என்றால் தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த
மூத்த மச்சான்,
வேலாயுதம்
புக்கிட் பெருவாங், ஞாயிற்றுக்கிழமை காலை